எதிர்ச்சாரிக் கடைகள்

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த ஸ்கூல் லஞ்ச் மெனுவைக்கூட ஆன்ட்டி விட்டுவைத்ததில்லை. தண்ணீர் குடிக்க வந்தவர், டம்ளரை ஒரு கையில் பிடித்தபடியே மறு கையால் கைப்பையிலிருந்து பென்சிலை எடுத்தார். மெனுவில் செவ்வாய்க்கிழமை இரண்டு தடவை வந்திருந்தது. ஒன்றை அடித்து, மேலே புதன் என்று எழுதிவிட்டு மிச்சத் தண்ணீரைக் குடித்தார். "ஸ்கூலுக்கு ஒரு ஃபோன் போட்டுச் சொல்லிடுங்க தம்பி. எல்லார் வீட்டுலயும் இதானே ஒட்டியிருக்கும்" என்றார். நான் போடவில்லை. அவரே போட்டுச் சொல்லிவிட்டார் என்பது அடுத்த வாரம் தெரிந்தது.

நியூ ஜெர்சியில், வெஸ்ட் வின்ட்சரில், எங்கள் பக்கத்து டவுன்ஹவுஸ் அவருடையது. நடுவில் ஒரு சுவர்தான். பாளையங்கோட்டைக்காரர். கணவர் தவறிப் பல வருஷம் ஆகியிருந்தது. ஒரே மகள் டெக்சாஸில். ஆயுசில் பாதியை ஃபார்மசிஸ்டாகக் கழித்து ரிட்டையர் ஆனவர். டாக்டர் எழுதியதை அப்படியே நம்பிவிடாமல் இருப்பதற்காகத்தான் அவருக்குச் சம்பளமே கொடுத்தார்கள். ஆள் ரிட்டையர் ஆனார், அந்தப் பழக்கம் ஆகவில்லை. அவர் பெயரை இங்கே நான் எழுதப் போவதில்லை. தன் பெயர் அச்சில் வருவது அவருக்குப் பிடிக்காது. வந்தால் நிச்சயம் அதில் ஒரு எழுத்து தப்பாக இருக்கும் என்பார்.

நான் கொஞ்சம் முன்கோபி. குடிவந்த முதல் நாள், லாரிக்காரன் இறக்கிப்போட்ட பெட்டிகளுக்கு நடுவில் நான் வியர்த்து வழிந்துகொண்டிருந்தபோது, எலுமிச்சை கேக் ஒன்றைத் தட்டில் ஏந்திக்கொண்டு வந்தார். கேக்கை வைத்தார். சுற்றிப் பார்த்தார். "கிச்சன்னு எழுதின பாக்ஸ்ல ஷூ கிடக்கே தம்பி" என்றார். பென்சில் வெளியே வந்தது. கேக்கை வைத்துவிட்டு இடத்தைக் காலி பண்ண மாட்டாரா என்று எனக்கு இருந்தது. என் மனைவி சுதா மட்டும் சிரித்துக்கொண்டே, "அப்படியே எல்லா பாக்ஸையும் ஒரு தடவ பாத்துடுங்க ஆன்ட்டி" என்றாள். பார்த்தார். பதினாறு பெட்டியில் ஐந்து தப்பு.

அவர் திருத்துவதற்கு ஒரு முறை உண்டு. ரப்பரைத் தொடவே மாட்டார். தப்பின் மேல் ஒரே ஒரு கோடு. அடியில் இருப்பதைப் படிக்க முடிய வேண்டும். "என்ன தப்பு நடந்துச்சுன்னு பின்னால வர்றவங்களுக்குத் தெரியணும். அழிச்சுட்டா, நாம தப்பே பண்ணலன்னு நமக்கே தோண ஆரம்பிச்சிடும்" என்பார். மருந்துக்கடையில் கற்றதாம்.

எங்கள் தமிழ்ப்பள்ளிப் பொங்கல் விருந்தில் அந்தப் பென்சிலை எல்லோருக்கும் தெரியும், கொஞ்சம் பயமும் உண்டு. ஆளுக்கொரு ஐட்டம் செய்து எடுத்துவருவோம். ஒவ்வொரு ட்ரேயின் முன்னாலும் என்ன ஏது, காரமா, நட்ஸ் உண்டா என்று ஒரு அட்டை. ஒரு வருஷம் குருமா ட்ரேயின் முன்னால் "நட்ஸ் இல்லை" என்று அழகான கையெழுத்தில் இருந்தது. ஆன்ட்டி ஒரு ஸ்பூன் எடுத்து நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார். "இல்லை"யின் மேல் ஒரு கோடு போட்டு, "முந்திரி உண்டு" என்று எழுதினார். செய்துகொண்டு வந்த பெண்ணுக்கு முகம் சிவந்துவிட்டது. "நான் முந்திரியே போடல ஆன்ட்டி, எங்கிட்டயே சொல்றீங்களா?" என்றாள். அதற்குள் வரிசையில் இருந்த ஒரு சின்னப் பெண்ணின் தட்டில் குருமா விழுந்திருந்தது. அந்தப் பிள்ளைக்கு முந்திரி ஆகாது என்பது ஆன்ட்டிக்குத் தெரியும். "இது வேண்டாம் கண்ணு" என்று தட்டையே வாங்கி வைத்துக்கொண்டார். குருமாக்காரி ஊரிலிருந்து வந்திருந்த தன் மாமியாரிடம் கேட்கப் போனாள். "கெட்டியா வரட்டுமேன்னு நாந்தான் ஒரு கை அரைச்சு விட்டேன்" என்றார் மாமியார். பிள்ளை தப்பியது. ஆனால் குருமாக்காரி அதற்குப் பிறகு ஆறு மாதம் ஆன்ட்டியுடன் பேசவில்லை. ஆன்ட்டிக்கு அது வருத்தம்தான். "சொல்லாம இருந்திருக்க முடியாதே தம்பி" என்று என்னிடம் நாலைந்து தடவை சொல்லியிருப்பார்.

அடுத்தவர் தப்பை மட்டும் பார்க்கிற ஆள் என்று நினைத்துவிடக் கூடாது. ஒருநாள் கொட்டுகிற மழையில் கதவு தட்டப்பட்டது. ரெயின்கோட்டில் ஆன்ட்டி. "நாளைக்கு பிரின்ஸ்டன் ஜங்ஷன்ல ஏழு நாப்பத்திரண்டுக்கு ட்ரெயின்னு சொன்னேன்ல. ஏழு நாப்பத்தெட்டு. தப்பா சொல்லிட்டேன், திருத்திக்கோங்க." ஆறு நிமிஷம் முன்னால் போய் நின்றால் எனக்கு என்ன கேடு? ஃபோனில் சொல்லியிருக்கலாமே என்றேன். "தப்பச் சொன்னது நேர்ல. திருத்துறதும் நேர்லதான்" என்று சொல்லிவிட்டுத் திரும்ப மழைக்குள் போனார்.

இவ்வளவு கறாரான மனுஷியின் வாயிலிருந்து ஒரு தெரு மட்டும் சும்மா கொட்டும். அறுபதுகளில் அவருடைய அம்மா இங்கிலாந்துக்குப் போன டாக்டர். வடக்கே, பஞ்சு மில்கள் புகைவிட்டுக்கொண்டிருந்த ஒரு சின்ன ஊர். அதன் கடைத்தெருவில் கீழே அம்மாவின் கிளினிக், அங்கே அதைச் சர்ஜரி என்பார்களாம், மேல்மாடியில் வீடு. ஆன்ட்டிக்கு ஐந்து வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை அங்கேதான். பிறகு குடும்பமாகப் பாளையங்கோட்டைக்கே திரும்பிவிட்டார்கள்.

கண்ணில் புரை எடுத்த வருஷம் அவரை நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வந்தேன். ரூட் ஒன்னில் வண்டிகள் நத்தையாக நகரும். ஆன்ட்டி கண்ணில் கறுப்புக் கண்ணாடியுடன் ஆரம்பிப்பார். "பேக்கரி. அதுக்கு அடுத்தது செருப்பு தைக்கிறவரு. அதுக்கு அடுத்தது கம்பளி நூல் கடை. அந்தம்மா தொப்பியில பச்சையா ஒரு இறகு இருக்கும். அடுத்தது கறிக்கடை. அவருக்கு உச்சந்தலையில வட்டமா வழுக்கை, அளந்து வெட்டினாப்ல இருக்கும். அடுத்தது இரும்புச் சாமான் கடை. மழை விட்டதும் கடை வாசல் துணிப்பந்தல்ல தேங்கின தண்ணிய நீளக் குச்சியால கீழேருந்து தூக்கிவிடுவாரு. யாரு மேலயாவது விழும். தபால் ஆபீஸ். அடுத்தது மீன் வறுக்கிற கடை." அந்தத் தெருவை எனக்கும் பாடமாக்கிவிட்டார். வில்லிவாக்கத்தில் நான் பிறந்த தெருவில் அடுத்தடுத்து என்ன கடை என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. இந்தத் தெருவைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

அதில் ஒரு ஆளை எனக்குப் பிடிக்கும். பேக்கரிக்காரரின் மகள். "என் வயசுதான் இருக்கும் அவளுக்கு. தினமும் நாலு மணி பஸ்ஸுக்கு வாசப்படியில நின்னு கை காட்டுவா. பஸ் எங்க வீட்டு முன்னாலதான் நிக்கும். பஸ் போனப்புறமும் காட்டிக்கிட்டே இருப்பா. அரைக்கிறுக்கு" என்று சொல்லி ஆன்ட்டி சிரிப்பார். கேட்கும்போதெல்லாம் நானும் சிரிப்பேன்.

அந்த வருஷம் தமிழ்ப்பள்ளி ஆண்டு மலருக்குச் சுதாதான் பொறுப்பு. பெரியவர்கள் தங்கள் சின்ன வயதைப் பற்றி எழுத வேண்டும் என்று கேட்டிருந்தாள். வந்ததெல்லாம் ஆறு, மாந்தோப்பு, மாட்டுவண்டி. பதினெட்டுக் கட்டுரையில் பதினொன்றில் கிணற்றில் குதித்தார்கள். ஆன்ட்டி மட்டும் அந்த இங்கிலீஷ் கடைத்தெருவை எழுதிக் கொடுத்தார், நாலு பக்கம், ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல். "இதுக்கு ஒரு படம் இருந்தா நல்லாருக்கும், தேடிக் குடுங்களேன்" என்று சுதா என்னை ஏவினாள்.

தேடியதில் படத்துக்குப் பதில் ஒரு புதையலே கிடைத்தது. அந்த ஊரின் பழங்கதைகளைச் சேகரிக்கிற ஒரு சின்னக் குழு. எல்லோரும் ரிட்டையர் ஆனவர்கள்தான் போல. அந்தக் காலத்துக் கடைத்தெருவைக் கடை கடையாகக் கையால் வரைந்து இணையத்தில் போட்டிருந்தார்கள். ஒரு சாரியில் ஒற்றைப்படை எண்கள், எதிர்ச்சாரியில் இரட்டைப்படை. அதைப் பெரிய பலகையாக அடித்துத் தெருமுனையில் வைக்கப் போகிறார்களாம். விட்டுப்போனது இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார்கள். நான் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினேன்.

ஆன்ட்டி மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்தார். பேக்கரி, செருப்பு, கம்பளி, கறிக்கடை. ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுத் தலையாட்டினார். பிறகு விரல் தெருவைக் கடந்து இந்தப் பக்கம் வந்தது. இருபத்தைந்தாம் எண், முடிதிருத்தகம். இருபத்தொன்பது, சுருட்டுக் கடை. நடுவில் இருபத்தேழு. அங்கே ஒரு வெற்றுக் கட்டம். உள்ளே, "காலி" என்று எழுதியிருந்தது.

"இதான் எங்க வீடு" என்றார்.

பென்சிலைக்கூட எடுக்கவில்லை. லேப்டாப்பில் பென்சிலால் என்ன செய்ய முடியும்?

"ஏழு வருஷம் தம்பி. எங்கம்மா ஏழு வருஷம் அங்க உக்காந்து மருந்து எழுதினாங்க. பனில நடந்து போயி பிரசவம் பாத்தாங்க. காலியாம்."

அன்றே அந்தக் குழுவுக்குக் கடிதம் எழுதினார். இரண்டு நாளில் பதில் வந்தது. மரியாதையான பதில்தான். அந்த வீடு பூட்டிக் கிடந்ததாக எங்கள் உறுப்பினர் ஒருவருக்கு ஞாபகம். உங்கள் தாயாரின் சர்ஜரியின் முகப்புப் படம் ஏதாவது உண்டா. இல்லையென்றால் உங்கள் அக்கம்பக்கத்துக் கடைகளைப் பற்றி உங்களுக்கு நினைவிருப்பதை எழுதுங்கள், ஒப்பிட்டுப் பார்க்கிறோம். மாதக் கடைசியில் பலகை அச்சுக்குப் போகிறது.

படம் இல்லை. ஊர் திரும்பும்போது எடுத்துவந்ததெல்லாம் ஸ்டுடியோவில் எடுத்த படங்கள். "அதனால என்ன ஆன்ட்டி, உங்களுக்குத்தான் தெருவே மனப்பாடமாச்சே! சொல்லுங்க, நான் டைப் பண்றேன்" என்று நான் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். "உங்க வீட்டுக்கு இடது பக்கம் பார்பர். ஆள் எப்படி இருப்பாரு?"

ஆன்ட்டி வாயைத் திறந்தார். மூடினார்.

"வலது பக்கம், சுருட்டுக் கடை?"

"தெரியல தம்பி."

இந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து அன்றுதான் முதல் தடவை கேட்டேன். விளையாடுகிறாரோ என்று பார்த்தேன். இல்லை. முகம் வெளுத்திருந்தது. சுதாவிடம் கொடுத்திருந்த கட்டுரையின் நகலை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கடையாக வரைபடத்தில் தேடினேன். இருபது, இருபத்திரண்டு, இருபத்துநாலு என்று எல்லாமே இரட்டைப்படை. இத்தனை வருஷமாக அவர் ஒப்பித்த தெருவில் ஒரு சாரி மட்டும்தான் இருந்தது, எதிர்ச்சாரி. எனக்கு மண்டையில் அப்போதுதான் உறைத்தது. கறிக்கடைக்காரரின் உச்சந்தலை வழுக்கை, தொப்பியில் இறகு, துணிப்பந்தலின் மேல் தேங்கிய தண்ணீர். தெருவில் நடக்கிற ஆளுக்கு இதெல்லாம் எங்கே கண்ணில் படும்? மேலே இருந்து பார்த்தால்தான் தெரியும்.

"ஆன்ட்டி, நீங்க அந்தத் தெருவுல நடந்ததே இல்லையா?"

"எனக்கு மூச்சு இழுப்பு தம்பி. வெளிய பனி, மில்லுப் புகை. அம்மா விட மாட்டாங்க. சாயங்காலம் நாலு மணிக்குக் கீழ பேஷன்ட்ஸ் வந்துடுவாங்க, நான் மேல ஜன்னல்கிட்ட உக்காந்துடணும். ஸ்கூலுக்கு அப்பா பின்வாசல் வழியா கார்ல கூட்டிட்டுப் போயிட்டுப் பின்வாசல் வழியாவே கொண்டுவந்து விடுவாங்க." கையிலிருந்த பென்சிலை மேசையில் உருட்டினார். "இழுப்பு பாதிக் காரணம். ஒருநாள் காலைல சர்ஜரிக் கதவுல யாரோ என்னமோ எழுதிவச்சிட்டுப் போயிருந்தாங்க. என்னனு அம்மா எங்கிட்டச் சொல்லல. அப்பா வாளியும் பிரஷ்ஷும் எடுத்துட்டுப் போயித் தேச்சுக் கழுவினாங்க. அதுக்கப்புறம்தான் பின்வாசல். முன்பக்கம் வர்றதுக்கு எனக்கே பயம்."

எனக்கு அந்த ஊர் மேல் கோபம் கோபமாக வந்தது. ஒருத்தி குழந்தைப் பருவம் முழுக்க ஒரு ஜன்னலில் உட்கார்ந்து மனப்பாடம் பண்ணியிருக்கிறாள், இவர்கள் காலி என்று எழுதி வைத்திருக்கிறார்கள். கோபத்தில் எனக்குப் புத்தியும் அப்படித்தான் போனது. "விடுங்க ஆன்ட்டி. பார்பர் ஷாப்னு மேப்லயே போட்டிருக்கான். பார்பர் நல்ல மனுஷன், எனக்கு முட்டாய் குடுப்பாருன்னு ரெண்டு வரி போட்டு விடுவோம். யாரு போயி கேக்கப் போறா? உங்க அம்மா அங்க இருந்தது உண்மைதானே?" என்று மடமடவென்று டைப் அடித்தேன். சுதா வந்து எட்டிப் பார்த்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனாள். அவளுக்கும் அதுதான் சரி என்று பட்டிருக்க வேண்டும்.

பிரிண்ட் எடுத்துக் கொடுத்ததை ஆன்ட்டி முழுக்கப் படித்தார். முட்டாய் வரியில் நிறுத்தினார். அவர் கை அந்தத் தாளின் மேலேயே ரொம்ப நேரம் இருந்தது. அவருக்கும் ஆசைதான், அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. பிறகு ஒரே ஒரு கோடு போட்டு அடித்தார்.

"நான் பாக்கலையே தம்பி."

"ஆன்ட்டி, இத எழுதலன்னா அம்மா பேரு வராது."

"தெரியும். அம்மா பேரு ஒரு பொய்க்குப் பக்கத்துல வரணுமா?"

எனக்கு எரிச்சல்தான் வந்தது. உங்களை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது என்று கத்திவிட்டேன். ஆன்ட்டி என்னைத் திட்டவில்லை. மறுநாள் தானே ஒரு கடிதம் எழுதிக்கொண்டு வந்தார். அதில் இப்படி இருந்தது: எனக்கு இழுப்பு, மாடியில்தான் இருப்பேன், ஆகவே எங்கள் பக்கத்துக் கடைகளை நான் பார்த்ததில்லை, இடப்பக்கச் சுவர் வழியாகச் சனிக்கிழமை ரேடியோவில் கால்பந்து முடிவுகள் கேட்கும், அது மட்டும்தான் தெரியும், எதிர்ச்சாரியில் நான் மேலே இருந்து பார்த்ததை முழுக்க இணைத்திருக்கிறேன், இது போதுமா போதாதா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். கட்டுரையை அவரே இங்கிலீஷில் எழுதி அதோடு வைத்திருந்தார். நான் அனுப்பிவைத்தேன். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன்.

பத்து நாள் சத்தமே இல்லை. ஆன்ட்டி தினமும் ஏதோ ஒரு சாக்கில் எங்கள் வீட்டுக்கு வந்தார். கறிவேப்பிலை வேண்டுமா என்பார், குப்பை வண்டி வியாழக்கிழமையா என்பார். லேப்டாப் பக்கம் மட்டும் பார்க்க மாட்டார். பதில் வந்ததா என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. பக்கத்துச் சுவர் வழியாகக் காலையில் அவர் ஜெபம் பண்ணுகிற குரல் வழக்கத்தைவிட நீளமாகக் கேட்டது.

பதினோராம் நாள் சாயங்காலம் பதில் வந்தது. மலரின் அச்சுப் பிரதி திருத்தத்துக்கு வந்திருந்த நாள் அது. ஆன்ட்டி எங்கள் டைனிங் டேபிளில் உட்கார்ந்து தன் கட்டுரையைப் பிழை பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாசித்துக் காட்டினேன்.

குழுவின் மாதக் கூட்டத்தில் அவர் கடிதத்தைச் சத்தமாகப் படித்திருக்கிறார்கள். கறிக்கடைக்காரரின் உச்சந்தலை வந்ததும் பின்வரிசையில் ஒரு அம்மாள் சிரிக்க ஆரம்பித்தாளாம். பேக்கரி வாசலில் கை காட்டுகிற இடம் வந்ததும் எழுந்து நின்றுவிட்டாளாம். அவள்தான் பேக்கரிக்காரர் மகள். இத்தனை நாள் அவளிடம் பேக்கரியைப் பற்றித்தான் எல்லோரும் கேட்டார்கள். பேக்கரி வாசலில் நின்றால் எதிரே என்ன தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. அவள் சொன்னதை அப்படியே எழுதி அனுப்பியிருந்தார்கள்.

எதிரே தெரிந்தது டாக்டர் வீடு. வாசலில் பித்தளைப் பெயர்ப்பலகை இருக்கும். டாக்டர் கோட்டுக்குக் கீழே புடவை தெரியும். என் தம்பிக்குக் கக்குவான் இருமல் வந்தபோது ராத்திரி பகலாக வந்து பார்த்தவர் அவர்தான். அவர்கள் போன பிறகு வீடு வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடந்தது. காலி என்றவர் அதைச் சொல்லியிருப்பார். மேல் ஜன்னலில் எப்போதும் ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். நாலு மணிக்கு நான் ஸ்கூல் விட்டு வந்ததும் படியில் நின்று அவளுக்குக் கை காட்டுவேன். அவள் ஒருநாளும் திருப்பிக் காட்டியதில்லை. டாக்டர் வீட்டுப் பிள்ளைகள் எங்களோடு சேரக்கூடாது போல என்று நினைத்துக்கொள்வேன். ஆனாலும் காட்டுவேன்.

நான் நிறுத்தினேன். சுதா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள்.

"அந்த இடத்த இன்னொரு தடவ படிங்க தம்பி" என்றார் ஆன்ட்டி.

படித்தேன்.

"பஸ் போனப்புறமும் காட்டிக்கிட்டே இருப்பா" என்று தனக்குத்தானே சொன்னார். "தினமும் பாத்தேனே. அவ மூஞ்சி என்னத்தான் பாத்துக்கிட்டிருந்துச்சு. என்னப் பாத்து அந்தத் தெருவுல ஒருத்தி கை காட்டுவான்னு எனக்குத் தோணவே இல்ல தம்பி. கதவுல எழுதினவங்கதான் அந்தத் தெருன்னு நெனச்சிட்டேன்."

அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். சுதா அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். நான் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றேன், எனக்கும் அடக்க முடியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எம் பென்சில் எங்க?" என்றார். கையில்தான் இருந்தது. அச்சுப் பிரதியை இழுத்து வைத்துக்கொண்டு அந்த வரியைத் தேடினார். "நாலு மணி பஸ்ஸுக்கு" என்பதன் மேல் வழக்கம் போல ஒரே ஒரு கோடு. மேலே தெளிவாக எழுதினார். அதற்கு அடுத்து "அரைக்கிறுக்கு" என்று இருந்தது. அதன் மேல் ஒரு கோடு போட்டார். இன்னொன்று போட்டார். பிறகு பென்சில் முனை மழுங்கும்வரை தேய்த்து, அடியில் அப்படி ஒரு சொல் இருந்ததே யாருக்கும் தெரியாதபடி கறுப்பாக்கினார்.

"தப்பா எழுதிட்டேன் சுதா" என்றார். "திருத்திக்கோங்க."

பலகையை நட்டதும் அங்கிருந்து படம் அனுப்பினார்கள். இருபத்தேழாம் எண்ணில் டாக்டர் என்று போட்டு அம்மாவின் முழுப்பெயர். ஆன்ட்டி படத்தைப் பெரிதாக்கி எழுத்தெழுத்தாகப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. பென்சிலைக் கைப்பையிலேயே விட்டுவிட்டார். அடுத்த வருஷம் மகளோடு டெக்சாஸுக்குப் போனார், அங்கேயே தவறிவிட்டார். பக்கத்து வீட்டில் இப்போது வேறு ஆட்கள். ஸ்கூல் மெனுவில் செவ்வாய் இரண்டு வந்தால் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை.

அந்த மலர் என்னிடம் இருக்கிறது. அவர் கட்டுரையில் மூன்றாம் பக்கம், மேலிருந்து ஆறாவது வரி: "பேக்கரிக்காரர் மகள் தினமும் நாலு மணிக்கு எனக்குக் கை காட்டுவாள். பஸ் போன பிறகும் காட்டிக்கொண்டே இருப்பாள்."